கடலை அடுத்த அறைக்கு மாற்றுதல்

கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடை நிற்கும். ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 650 லிட்டர் பிடிக்கும். அதன் கண்ணாடி மட்டுமே 120 கிலோ வரும். உள்ளே அடுக்கிய பாறை, மணல், கீழே அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் சம்ப் என்கிற இன்னொரு சிறு தொட்டி, குழாய்கள், இவற்றையெல்லாம் தாங்கும் இரும்புச் சட்டம் என்று சேர்த்துக்கொண்டே போனால் ஒரு டன்னை நெருங்கிவிடும். அத்தனையும் ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் நிற்கிறது. குடியிருப்புகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை சுமை வரும் என்று வைத்துக்கொண்டுதான் வடிவமைக்கிறார்கள். இந்தியத் தரக் குறியீட்டில் அது 200. தொட்டியை வைத்த மறுநாளே தளம் இறங்கிவிடாது. சுமை சுற்றிலும் பரவும், பாதுகாப்புக்கென்று விட்டுவைத்த மிச்சமும் இருக்கும். ஆனாலும் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டில் பீம் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். வேறு யாருக்கும் அந்தக் கவலை இருந்து நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் என் நண்பர் ஒருவரின் வீட்டில் அப்படியொரு தொட்டி கூடத்துச் சுவரை ஒட்டிப் பல ஆண்டுகளாக நின்றது. அவருடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்து, மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்பினார். கழிப்பறைக்குப் பக்கமாக இருப்பது கூடம்தான். கட்டில் அங்கேதான் போட முடியும், நாற்காலி திரும்பவும் இடம் வேண்டும். ஆகவே தொட்டி உள்ளறைக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. நடுவில் ஒரு கதவு, ஒரு திருப்பம், இருபதடி தூரம்கூட இருக்காது. "ஊரைவிட்டு ஊர் குடி போறது சுலபம் தம்பி. இதை எப்படிப்பா தூக்குவீங்க?" என்று கேட்டார் நண்பரின் அம்மா. நியாயமான கேள்வி. பீரோ போன இடத்தில் பீரோவாகவே இருக்கும். பவளம் போன இடத்தில் பவளமாக இருக்கிறதா, வெறும் சுண்ணாம்பாகிவிட்டதா என்பது சில வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

வீட்டுக்குள் கடலை வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தின் வரலாறே ஓர் இடமாற்றத்தில்தான் தொடங்குகிறது. 1846-இல் அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, டார்க்கி கடற்கரையில் தான் கண்ட கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். வழியில் உருண்டு அடிபடாமல் இருக்க ஊசியும் நூலும் எடுத்து அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சின்மேல் தைத்துவிட்டார். கடல்நீர் நிறைந்த ஜாடியில் அவை லண்டன் போய்ச் சேர்ந்தன. அங்கே கடல் இல்லை. கொண்டுவந்த தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்க, திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று அதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம் அந்த வேலையைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். அடுத்த ஆண்டு கடற்பாசியையும் ஜாடிக்குள் போட்ட பிறகு நிலைமை சீரானது. அந்தப் பவளங்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்தன, குட்டியும் போட்டன. அன்னா தின் எழுதிவைத்த குறிப்புகளை 1859-இல் ஒரு விஞ்ஞான இதழ் வெளியிட்டது. பாத்திரம் மாற்றி ஊற்றியவரின் பெயர் நான் படித்தவற்றில் இல்லை. கடற்கரையில் அலை கூலியில்லாமல் செய்துகொண்டிருந்த வேலை அது. லண்டனில் ஒருவர் கைவலிக்கச் செய்ய வேண்டியதாயிற்று. இன்றைக்கு நூறு வாட் மோட்டார் செய்கிறது.

பிறகு பிலிப் கோஸ் என்ற இயற்கையியலாளர் வந்தார். 1854-இல் கடல்நீர்த் தொட்டி பற்றி அவர் எழுதிய புத்தகம் இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்தைக் கடற்கரைக்கு ஓட வைத்தது. கூடையும் உளியுமாகப் போனவர்கள் பாறைக் குழிகளைச் சுரண்டித் தீர்த்தார்கள். அவருடைய மகன் எட்மண்ட் கோஸ் 1907-இல் தன் அப்பாவைப் பற்றி எழுதிய நூலில் அந்த அழிவை வருத்தத்தோடு பதிவுசெய்திருக்கிறார். கடலை நேசிக்கக் கற்றுக்கொடுத்த மனிதரே அதன் ஓரத்தைக் காலியாக்கவும் காரணமானார். இந்தப் பொழுதுபோக்கின் நெற்றியில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருவோம்.

சிங்கப்பூருக்குப் பக்கத்தில், ஜகார்த்தாவில், லீ சின் எங் என்பவர் 1961-இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை விளக்கி எழுதினார். வடிகட்டி, ரசாயனம் எதுவும் அவர் தொட்டியில் இல்லை. கடலிலிருந்து எடுத்த பாறையை அதன்மேல் ஒட்டியிருந்த உயிர்களோடு அப்படியே போட்டு, மெல்லக் காற்றுக் குமிழி விட்டு, வெளிச்சம் கொடுத்தார். தொட்டி தானாக நின்றது. ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் அதை முழுதாக ஏற்றுக்கொள்ள இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. இன்று உலகமெங்கும் கடைகளில் 'லைவ் ராக்' என்று கிலோக் கணக்கில் விற்பது அவர் சொன்ன அந்தப் பாறைதான்.

அந்தப் பாறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் தொட்டியை எப்படி மாற்றுவது என்று விளங்கும். மீன் கழிப்பது அமோனியா. அது சேர்ந்தால் மீனே சாகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியலாளர் 1890 வாக்கில் பிரித்துக் காட்டிய உண்மை இது. இந்த உயிர்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பவை அல்ல, பெரும்பாலும் பாறையின் துளைகளிலும் மணலின் மேற்பரப்பிலும் ஒட்டிக் குடியிருப்பவை. வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தண்ணீரைப் பற்றித்தான் கவலை. "இந்தத் தண்ணியைக் கொட்டிடாதீங்க, இத்தனை வருஷத் தண்ணி" என்று நண்பரின் அம்மாவும் பதறினார். தண்ணீரை அப்படியே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கலாம். வெப்பமும் உப்பளவும் பொருந்தினால் பாதகமில்லை. பாறை காய்ந்துபோனால் எல்லாம் போயிற்று. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்கு மதிப்புக் குறைவு, அழுக்காகத் தெரிவதில்தான் தொட்டியின் உயிர். வீட்டில் துடைத்துப் பெருக்கிப் பழகிய கைக்கு இதை ஏற்பது கஷ்டம்.

மணல் விஷயம் நேர் எதிர். மேல்மட்ட மணலில் ஆக்சிஜன் இருக்கும். அடியில் இருக்காது. அங்கே வேறு பாக்டீரியாக்கள் வேறு வேலை செய்கின்றன. சில இடங்களில் மணல் கறுத்திருக்கும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு விஷம். அசையாமல் கிடக்கும்வரை அந்தக் கறுப்பால் யாருக்கும் தொல்லையில்லை. தொட்டியை மாற்றும்போது பழைய மணலை அப்படியே அள்ளிப் போட்டால், பல ஆண்டுக் கழிவும் ஒரே மணிநேரத்தில் தண்ணீரில் கலந்துவிடும். இடம் மாற்றிய தொட்டிகள் மறுநாள் காலை கூண்டோடு சாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அனுபவமுள்ளவர்கள் பழைய மணலைக் கொட்டிவிடுவார்கள், இல்லையென்றால் தண்ணீர் கலங்காமல் போகும்வரை அலசுவார்கள். நண்பர் இரண்டு நாள் யோசித்தார். அவரிடம் மணலில் புதைந்து தூங்கும் ராஸ் மீன் ஒன்று இருந்தது, அதற்கு மணல் வேண்டும். கடைசியில் புது மணல் வாங்கினார். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

வேலை தொட்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் உண்டு. அதை ஆர்.ஓ. எந்திரத்தில் வடித்து, பெரிய டிரம்களில் பிடித்து, நூறு லிட்டருக்கு மூன்றரைக் கிலோவுக்குமேல் செயற்கைக் கடலுப்பு போட்டு, மோட்டார் விட்டு ஒரு நாள் முழுக்கக் கலக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. கடலில் சோடியமும் குளோரினும் போக மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் அதனதன் விகிதத்தில் இருக்கின்றன. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதே தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான். ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு என்ற அளவை ஒரு சொட்டுத் தண்ணீரில் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. அதைக் கண்ணில் வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பார்ப்பார்கள். தள்ளி நின்று பார்த்தால் யாரோ ஜன்னல் வழியே கப்பல் வருகிறதா என்று தேடுவதுபோல இருக்கும்.

முதலில் பவளங்கள் வெளியே வந்தன. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட முடியாது. நீண்ட உணரிகளை இரவில் வீசிப் பக்கத்திலிருப்பதைக் கொட்டும் இனங்கள் உண்டு. மென்பவளங்கள் தண்ணீரில் ரசாயனத்தைக் கசியவிட்டு எதிரியை ஒடுக்கும். அமைதியின் சின்னமாக மருத்துவமனை வரவேற்பறைகளில் வைத்திருக்கிறார்களே, அந்தத் தொட்டிகளுக்குள் எந்நேரமும் எல்லைத் தகராறு நடந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர்கள் ஸோவா என்று சொல்லும் பொத்தான் வடிவப் பவளங்களைத் தொடும்போது நண்பர் எல்லோரையும் கையுறையும் கண்ணாடியும் போட வைத்தார். அவற்றின் உறவினங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. மனிதன் அறிந்த கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. ஹவாய்த் தீவான மாவியில், ஹானாவுக்குப் பக்கத்துக் குழி ஒன்றில் இருந்த பாசியை ஈட்டி முனையில் தடவினால் பட்ட இடத்தில் ஆள் சாவான் என்று பழங்கதை சொன்னது. அந்தக் குழி விலக்கப்பட்ட இடமாக இருந்தது. அந்தப் 'பாசி' உண்மையில் இந்த இனத்துப் பவளம். ரிச்சர்ட் மூர், பால் ஷோயர் என்ற வேதியியலர்கள் 1971-இல் அதிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். பாறையைச் சுத்தமாக்குகிறேன் என்று கொதிநீர் ஊற்றித் தேய்த்து, அந்த ஆவியை மூச்சில் இழுத்துப் படுக்கையில் விழுந்த வளர்ப்பவர்கள் உண்டு.

பவளங்களுக்குப் பிறகு பாறை, கடைசியாக மீன். வரிசை மாறக் கூடாது. பாறை இருக்கும்வரை மீனைப் பிடிக்க முடியாது. பாறையை எடுத்து, தண்ணீரை முழங்கை அளவுக்கு இறக்கிவிட்டால் அவற்றுக்கு ஒளிய இடமில்லை. கோமாளி மீன் ஜோடி குடியிருந்த கடற்சாமந்தியைப் பாறையிலிருந்து உரிக்க முயலவில்லை. உரித்தால் அதன் அடிப்பாதம் கிழியும், கிழிந்தால் பிழைப்பது அரிது. அது பிடித்திருந்த கல்லோடு சேர்த்தே வாளிக்குள் இறக்கினார்கள், மீன்கள் தாமாகவே பின்னால் வந்தன. டிரம்களில் பெரிய ஆபத்து ஆக்சிஜன் குறைவதும் வெப்பம் ஏறுவதும். குளிர்நாட்டுக்காரர்கள் இந்த வேலையில் தண்ணீர் ஆறிவிடும் என்று ஹீட்டரோடு நிற்பார்கள். சிங்கப்பூரிலும் சென்னையிலும் கவலை வேறு. சில்லர் என்ற குளிரூட்டியால் 26 டிகிரியில் வைத்திருந்த தண்ணீர் அறை வெப்பத்துக்கு ஏறிவிடாமல் ஒவ்வொரு டிரம்முக்கும் மேலே மின்விசிறியைத் திருப்பிவைத்தோம். என் வேலை துண்டும் துடைப்பமும்தான். உப்புத்தண்ணீர் சிந்திய இடத்தில் கால் வழுக்கும், மின்பலகை நனைந்தால் அதைவிட மோசம்.

பாறைகளைத் தூக்கியபோது யாரும் வாங்கிவராத குடித்தனக்காரர்கள் வெளிப்பட்டார்கள். முள்ளுடல் புழுக்கள், கை நீட்டி நெளியும் நொறுங்கு நட்சத்திரங்கள், குழாய்க்குள் வசிக்கும் பூப்போன்ற புழுக்கள். ஒரு கல்லின் பொந்திலிருந்து ஒரு துப்பாக்கி இறால் வந்தது. இரவில் கூடத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது, கண்ணாடி விரிசல் விடுகிறதா பாருங்கள் என்று நண்பரின் அப்பா ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரும் நம்பவில்லை. அந்த இறால் தன் பெரிய கொடுக்கை அத்தனை வேகமாக மூடுகிறது, தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி வெடிக்கிறது. வெடிக்கும் கணத்தில் அதற்குள் சில ஆயிரம் டிகிரி வெப்பம் எழுவதை 2001-இல் ஆய்வாளர்கள் அளந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளின் ஒலியைத் தேடிய கருவிகளைக் குழப்பியதும் வெப்பக் கடல்களின் இந்த இறால் கூட்டங்களே. பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். வாய் கோணியிருந்தாலும் அவர் சிரித்தது நன்றாகவே தெரிந்தது.

காலியான கண்ணாடியை ஆறு பேர் உறிஞ்சிக் கைப்பிடிகளை ஒட்டித் தூக்கினார்கள். கொஞ்சமாவது தண்ணீரையோ மணலையோ விட்டுவைத்துத் தூக்கலாமே என்று தோன்றும். கூடாது. கண்ணாடிப் பலகைகளைச் சேர்த்துவைத்திருப்பது சிலிக்கோன் பசை மட்டுமே. முறுக்கினால் அது அன்றைக்கே பிரியலாம், ஆறு மாதம் கழித்து நள்ளிரவிலும் பிரியலாம். பெரிய கைகள் கட்டிய தொட்டிகளும் உடைவதுண்டு. பெர்லினில் ஒரு ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் நின்ற, பத்து லட்சம் லிட்டர் உப்புநீர் பிடித்த உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்துச் சிதறியது. சுமார் 1500 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. மாலையில் நடந்திருந்தால் மனிதர்களும் இருந்திருப்பார்கள்.

உள்ளறையில் புது இடத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் நுரைப்பலகை போட்டு, தொட்டியை நிறுத்திய பிறகு ஒரு விவாதம் எழுந்தது. பாறைகளைப் பழையபடியே அடுக்குவதா, மாற்றி அடுக்குவதா? தொட்டியில் ஒரு டாம்செல் மீன் இருந்தது. கட்டைவிரல் அளவுதான், ஆனால் வலது மூலை முழுக்கத் தன்னுடையது என்று வைத்திருந்தது. பாறையை மாற்றினால் அதன் பட்டா செல்லாமல் போகும், எல்லோரும் புதிதாகத் தொடங்குவார்கள். மீன்களுக்கு மாற்றம் நல்லது. பவளத்துக்கோ மாற்றம் ஆகாது. அதன் உருவமே அது நின்ற இடம் எழுதியது. ஒரே இனத்துப் பவளம் வெளிச்சம் மிகுந்த மேட்டில் நெருங்கிய கிளையாக வளரும், வெளிச்சம் குறைந்த சரிவில் விரிந்த தட்டாக வளரும். நீரோட்டம் நேரடியாக அறையும் பக்கம் கிளைகள் குட்டையாகத் தடித்திருக்கும். நண்பர் நான்கு பக்கமும் படம் எடுத்துவைத்திருந்தார், ஒவ்வொரு கல்லிலும் மேற்பக்கம் எது என்று குறித்திருந்தார். கடைசியில் பவளம் ஒட்டிய கற்கள் பழைய கோணத்துக்கே போயின. வலது மூலையை மட்டும் கலைத்துக் கட்டினார்கள். நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் மோட்டார்களைப் பழைய திசையிலேயே ஒட்டினார்கள். விளக்கை அதே உயரத்தில் தொங்கவிட்டு, முதல் சில நாள் பாதி வெளிச்சத்தில் வைத்தார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பவளங்களைப் பொறுத்தவரை எதுவும் இடம் மாறவில்லை. கூடமா உள்ளறையா என்று அவற்றுக்குத் தெரியாது. 26 டிகிரி, முப்பத்தைந்து பங்கு உப்பு, இடதுபுறமிருந்து வரும் ஓட்டம், மேலிருந்து வரும் நீல வெளிச்சம், பக்கத்தில் இன்னார். இவ்வளவுதான் அவற்றின் ஊர். அதை அப்படியே தூக்கிக் கொண்டுபோனால் பவளம் போன இடத்திலும் ஊரில்தான் இருக்கிறது. இதைத் திருப்பிப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. கடலில் இருக்கும் பவளங்களை யாரும் ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. ஊர்தான் அவற்றின் அடியிலிருந்து உருவப்படுகிறது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, நான்கைந்து வாரம் அப்படியே நின்றால் போதும். தனக்குள் குடிவைத்து உணவில் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டிருந்த நுண்பாசியைப் பவளம் வெளியேற்றிவிடுகிறது. தசை கண்ணாடியாகி எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இது நடந்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறலை அறிவித்தார்கள், அந்த ஆண்டும் சிங்கப்பூர்க் கடலில் பவளங்கள் வெளுத்தன. இங்கே ஓர் உள்ளறையில் ஒரு டிகிரி ஏறாமலிருக்க ஐந்து மின்விசிறிகளோடு நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

சிங்கப்பூருக்குத் தன் கடலையே வீட்டுக்குள் இடம் மாற்றிய அனுபவம் உண்டு. நிலம் நிரப்பி நிரப்பி அந்த நாடு தன் பவளத்திட்டுகளில் பாதிக்குமேல் இழந்துவிட்டது. துவாஸில் பெருந்துறைமுகம் கட்டத் திட்டமிட்டபோது சுல்தான் ஷோல் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய திட்டுக்கு வண்டல் ஆபத்து வந்தது. 2013-லும் 2014-லும் முக்குளிப்பவர்கள் இறங்கி, 2300-க்கு மேற்பட்ட பவளக் கூட்டங்களைப் பெயர்த்து, செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் சிஸ்டர்ஸ் தீவுகளுக்கும் கொண்டுபோய் ஒட்டினார்கள். இப்போது ஒரு லட்சம் பவளம் நடும் திட்டம் ஒன்று 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. அழித்தவர்களே நடுகிறார்கள் என்று நக்கல் பேசலாம். நடாமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

நம் பக்கத்துக் கதையும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள திட்டுகளிலிருந்து பல பத்தாண்டுகள் கடற்கல்லை வெட்டி, சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைக்கும் வீடு கட்டவும் கொண்டுபோனோம். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வான் தீவும் சுருங்கிக்கொண்டே வந்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளை எடுத்து, சிமெண்ட் பலகைகளில் கட்டி, சீரழிந்த திட்டுகளில் வளர்த்துவருகிறார்கள். வான் தீவைச் சுற்றி 2015-இலிருந்து செயற்கைத் திட்டுகளை இறக்கியிருக்கிறார்கள். அன்னா தின் ஊசியும் நூலுமாகச் செய்த வேலைதான் அது, கண்ணாடி ஜாடிக்குப் பதில் கடலில்.

நண்பரின் தொட்டியில் எல்லாம் பிழைக்கவில்லை. தட்டுப்போல வளர்ந்திருந்த மான்டிபோரா பவளம் ஒன்று கதவு நிலையில் பட்டு இரண்டாக உடைந்தது. இரண்டு துண்டுமே பிறகு வளர்ந்தன, பவளத்துக்கு அந்த வரம் உண்டு. அக்ரோபோரா பவளம் ஒன்று அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே போய்ச் செத்தது. பாறைமேலிருந்த கடற்பஞ்சுகள் காற்றுப் பட்டதால் அழுகின, அதனால் சிறிது அமோனியா ஏறியது, தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றிச் சமாளித்தார்கள். சாமந்தி மூன்று இடம் நகர்ந்து பார்த்துவிட்டுத் தனக்குப் பிடித்த மூலையில் நின்றது. டாம்செல் சில நாள் அடங்கி இருந்தது, பிறகு இடது மூலையைப் பிடித்துக்கொண்டது.

தொட்டி வைக்க ஆசைப்படுபவர்களுக்குச் சில வார்த்தைகள். பவளம் உங்களைவிட நீண்டகாலம் வாழக்கூடியது. வீட்டில் யாருக்கு வயதாகிறது, அவர் கட்டில் எங்கே வரும், நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் பார்த்துக்கொள்வார் என்பதை யோசித்துவிட்டுச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், கடலிலிருந்து பெயர்த்தெடுத்ததை விட்டுவிட்டு, வளர்ப்பவர்கள் கிள்ளிக் கொடுக்கும் துண்டையே வாங்குங்கள். கற்பவளங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் இருப்பவை, அதற்கான அனுமதித் தாளைக் கேளுங்கள். கோஸின் வாசகர்கள் செய்ததை நூற்றெழுபது ஆண்டு கழித்தும் செய்துகொண்டிருக்க வேண்டாம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ சங்குக் கடையில் வெள்ளைப் பவளத் துண்டு ஒன்றை யாராவது மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கற்பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு.